இரத்தோட்டைக்குக் கொண்டுபோன மைக்

1969 ஜூன் 3

இன்று வகுப்பில் ஒரு சிறு பிழை செய்தேன். சோதனைக்காகப் பதிந்த இரண்டு டேப் சுருள்களின் அட்டைகளை மாற்றி ஒட்டிவிட்டேன். செக்கனுக்கு ஏழரை அங்குலம் ஓடவிட்டுப் பதிந்ததன் மேல் மூன்றேமுக்கால் என்றும், மூன்றேமுக்காலில் பதிந்ததன் மேல் ஏழரை என்றும் எழுதியிருந்தேன். மாஸ்டர் எல்லோருக்கும் போட்டுக் காட்டியபோது மாரிமுத்துவின் குரல் ஒன்றில் அணில் கத்துவது போலவும், மற்றதில் யாரோ கிணற்றுக்குள் இருந்து கொட்டாவி விடுவது போலவும் வந்தது. வகுப்பே சிரித்தது. எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் மாரிமுத்துதான்.

"நம்ம தொரை எழுதுறதெல்லாம் முத்து முத்தாத்தான் எழுதுவாரு. ஒட்டுறப்பதான் கை வேற பக்கம் போயிருது."

அவன் இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவன். ஃபெக்டரியில் மோட்டார் பார்க்கிறான். நான் மாத்தளை டவுனில் ஏலக்காய், மிளகு வாங்கும் கடையில் கிளார்க். எதையும் அளந்து எழுதிவிட்டுத்தான் தொடுவேன் என்பதால் என்னைத் தொரை என்கிறான். திருகோணமலை வீதியில் சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் நடக்கும் இந்த மாலை வகுப்பில் நாங்கள் ஒன்பது பேர். ரேடியோ திருத்தப் படிக்கவே சேர்ந்தோம். மாஸ்டர் முன்பு ஒலிப்பதிவு வேலை செய்தவர் என்பதால் அதையும் சொல்லித்தருகிறார்.

இந்தச் சோதனைகள் எதற்கு என்பதையும் எழுதிவைக்கிறேன்.

போன போயாவில், இப்போது ஞாயிறுக்குப் பதிலாக நிலாக் கணக்கில் கிழமைக்கொரு முறை வரும் விடுமுறையில், வாப்பாவுடன் இரத்தோட்டைக்கு, ஸுபைதா மாமி வீட்டுக்குப் போனேன். மாமி வாப்பாவின் தங்கை. ஒன்பது வருடமாக அவருக்குக் கண் தெரியாது. அவருடைய கணவர் இத்ரூஸ் மாமா தையற்காரர். வீட்டின் முன் அறையில்தான் மெஷின் போட்டிருக்கிறார். ஊரில் யாராவது மௌத்தானால் அந்த மரணத்தைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் அவர்தான். பதினைந்து வருடமாக அறிவிக்கிறார். இப்போது அவருடைய தொண்டையில் கட்டி. குரல்வளையை எடுக்கத்தான் வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வராது என்று கொழும்பில் சொல்லிவிட்டார்கள். இந்த மாதம் இருபத்துமூன்றாம் திகதி ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

"ரவூப் மகன், நீங்க சத்தம் பிடிக்கிற படிப்புத்தானே படிக்கிறீங்க?" என்று மாமி கேட்டார். "மாமாட சத்தத்த எனக்குப் பிடிச்சுத் தாங்க."

"என்னத்தப் பேச வைக்கிற மாமி? பயான், பிரசங்கம் மாதிரி ஏதாவது எழுதித் தரவா?"

"பேப்பர் வாசிச்சாப் போதும். அஸர் தொழுகைக்குப் பொறகு எனக்கு வாசிக்கிற மாதிரி. நடுவுல அரிசிக் கூப்பனுக்கும் மந்திரிமாருக்கும் ஏசுவார். அதையும் வெட்டாம வைங்க."

"அத வெச்சா பொலிசு வந்து டேப்பக் கொண்டு போயிரும்" என்றார் மாமா. குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் அவருடைய குரல்தான்.

மற்றவர்கள் போட்டோ வைத்துக்கொள்வார்கள். மாமிக்குப் போட்டோவால் என்ன பயன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு ஸக்கரியா ஹாஜியார் வந்தார். இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போய் வரும்போது ஒரு சிறிய கெசட் ரெக்கோர்டர் கொண்டுவந்திருந்தார். ஒரு தடித்த புத்தகம் அளவுதான். பெட்டரியில் ஓடுகிறது. அதை மேசையில் வைத்து ஒரு பொத்தானை அமுக்கி, "வாசிங்க இத்ரூஸ்" என்றார். மாமா பேப்பரில் அரைப் பக்கம் வாசித்தார். ஹாஜியார் போட்டுக் காட்டினார். நான் காதை வைத்துக் கேட்டேன். பின்னால் ஒரே இரைச்சல், மோட்டாரின் உறுமல், சகர ஒலிகள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன.

"இது விளையாட்டுச் சாமான் ஹாஜியார்" என்றேன். "பேச்சு விளங்கும். ஆள் விளங்காது."

அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் சொன்னேனோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

"எனக்கு ஆள் விளங்கினிச்சே" என்றார் மாமி.

நான் அவருக்கு அதிர்வெண் பற்றி விளக்கினேன். ஹாஜியார் தோல் உறையில் ரெக்கோர்டரைப் போட்டு மூடினார். "அப்ப நீங்க நல்லதாப் பிடிச்சுக் குடுங்க மகன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 7

போயா. தனியாக இரத்தோட்டைக்குப் போனேன். வகுப்பில் உள்ள பெரிய டேப் ரெக்கோர்டரையும் எடுத்துப்போகும்படி மாரிமுத்து சொன்னான். முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் மறுத்துவிட்டேன்.

கரண்டை அளந்தேன். காலை ஒன்பதரைக்கு 225 வோல்ட். மாலை ஆறரைக்கு, எல்லா வீட்டிலும் லைட் போட்ட பிறகு, 190. மாலையில் பதிந்தால் மோட்டார் தளரும், குரலின் சுருதி மாறும். ஆகவே காலையில்தான் பதிய வேண்டும். சத்தங்களையும் குறித்தேன். ரிவர்ஸ்டன் பக்கம் ஏறும் பஸ் வளைவில் கியர் மாற்றும் சத்தம் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை. எதிர்ப்பக்கத்து மில்லில் மிளகாய்த் தூள் அரைக்கும் சத்தம், போயா தவிர்ந்த நாட்களில் மட்டும். காகங்கள், நேரம் சொல்ல முடியாது. பின் அறைதான் நல்லது. சுவர்களில் கம்பளி தொங்கவிட வேண்டும்.

மாமி கதவு நிலையில் நின்று நான் முணுமுணுத்துக் கணக்கெடுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்ட விக்கப் போறீங்களா மகன்?"

மாமா மெஷினில் இருந்து சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஜூன் 11

இன்று மூன்று மைக்குகளைச் சோதித்தோம். மூன்றிலும் மாரிமுத்து ஒரே செய்தியை, ஒரே தூரத்தில் உட்கார்ந்து வாசித்தான்.

கிறிஸ்டல் மைக், ரெக்கோர்டருடன் வந்தது. சொற்கள் தெளிவு. ஆனால் நெஞ்சில் இருந்து வரும் பகுதி இல்லை, எல்லாம் தகரம். கல்யாண வீடுகளுக்கு ஒலிபெருக்கி கட்டும் பதுர்தீன் நானாவிடம் இரவல் வாங்கிய இரும்பு மைக், கிறிஸ்டலைவிடக் கனமான குரல், ஆனால் மேலே உள்ள மென்மை போய்விடுகிறது. மூன்றாவது மாஸ்டரின் ரிப்பன் மைக்.

அதைப் பற்றி எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. டேப்பைத் திருப்பிப் போட்டபோது மாரிமுத்து எதிரே வாயை மூடிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் எனக்குப் பக்கத்தில் நின்று பேசுவதும் அவன்தான். எச்சில் விழுங்குவது கேட்டது. வாசிப்பதற்கு முன் அவன் மூச்சு எடுப்பது கேட்டது. மாமிக்கு இதுதான் வேண்டும் என்று நினைத்தேன். இன்னொரு நன்மை: அது முன்னாலும் பின்னாலும் வரும் சத்தத்தை எடுக்கும், பக்கவாட்டில் வருவதை எடுக்காது. பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி வைத்தால் பஸ்ஸின் தொல்லை குறையும்.

"மூணுலயும் என் கொரலுதானே வருது?" என்றான் மாரிமுத்து. "கிறிஸ்டலே போதும். நாளைக்கே போயிப் புடிச்சிருவோம். பொட்டி தூக்க நான் வாறேன்."

"அது தகரக் குரல்."

"தகரமோ தங்கமோ, அந்தம்மாவுக்கு அது அவங்க வீட்டுக்காரர் கொரலு. நீ என்னமோ ரேடியோவுக்கு ஆள் எடுக்கிற மாதிரி பாக்குற."

நான் ரிப்பன் என்று முடிவு செய்தேன். மாஸ்டர் கொஞ்சம் யோசித்துத்தான் தந்தார். அதை எப்படிக் கையாள வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல ஏழு குறிப்புகளாக எழுதிக்கொண்டேன். நிமிர்த்தியே கொண்டுபோக வேண்டும். துணியால் மூட வேண்டும். மேசையில் தட்டி வைக்கக் கூடாது. வாய்க்கும் மைக்குக்கும் இடையில் ஒன்றரைச் சாண். காகிதம் சரசரக்கக் கூடாது. வாசிப்பவர் தலையைத் திருப்பக் கூடாது. ஏழாவது, அதற்குள் ஊதக் கூடாது. உள்ளே இருப்பது சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைவிட மெல்லிய அலுமினியப் பட்டி. ஒரு பலமான மூச்சுக்கு அறுந்துவிடும்.

ஜூன் 14

போயா. இன்று பதிவதாக இருந்தது. பதியவில்லை.

ரிப்பன் மைக்கில் இருந்து வரும் சத்தம் மிகச் சிறியது. அதைப் பெரிதாக்க ஒரு சின்ன வால்வ் அம்ப்ளிஃபயரை இடையில் வைக்க வேண்டும். வகுப்பில் நாங்கள் கட்டிய அந்த அம்ப்ளிஃபயரில் ஓர் ஊங்காரம் இருக்கிறது. அடுத்த அறையில் வண்டு பறப்பது போல. ஒரு நாள் முழுக்கக் கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தும் போகவில்லை. மாலையில்தான் இரத்தோட்டைக்குப் போய், அடுத்த போயாவில் நிச்சயம் என்று சொன்னேன்.

மாமாவின் குரல் போன வாரத்தைவிட மோசமாக இருந்தது. அதைக் கேட்டு எனக்குப் பயம் வந்தது. அப்போதுதான் இதைச் சொன்னேன்:

"மாமா, இனிப் பதியிற நாள் வரைக்கும் பேசாதீங்க. குரலைச் சேமிச்சு வைங்க. ஓய்வு குடுத்தா அண்டைக்குக் கொஞ்சம் தெளிவா வரும்."

"ஒரு கெழமையா?" என்றார் மாமி.

"இந்த முறை போயா எட்டு நாள்ல வருது மாமி. எட்டு நாள்."

மாமி முகத்தை மாமா இருந்த பக்கம் திருப்பினார். "இவர் பேசாட்டி எனக்கு ஊட்டுல ஆள் இல்லாத மாதிரித்தான் மகன். சரி. டேப்புக்காகத்தானே."

மாமா வாயைத் திறக்கப் போனார். நான் விரலை உதட்டில் வைத்துக் காட்டினேன். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார். பிறகு, மாமிக்குத் தலையாட்டல் தெரியாதே என்பது நினைவு வந்து, கையை நீட்டி அவருடைய தோளில் தட்டினார்.

ஜூன் 22

ஒழுங்காக எழுத முயற்சி செய்கிறேன்.

காலை எட்டே முக்காலுக்கு மாரிமுத்துவும் நானும் இரத்தோட்டையில் இறங்கினோம். ரெக்கோர்டரை அவன் தூக்கினான். மைக்கைத் துணியில் சுற்றி, நிமிர்த்தியபடி, வழியெல்லாம் நான் மடியில் வைத்திருந்தேன். கிறிஸ்டல் மைக்கையும் கொண்டுபோவோம் என்று முந்தாநாள் அவன் சொன்னான். தேவையில்லை, பாரம் என்று அதை வகுப்பு அலமாரியிலேயே விட்டுவிட்டேன்.

பின் அறையில் கம்பளிகளைத் தொங்கவிட்டோம். அம்ப்ளிஃபயரின் வால்வுகள் சூடாகக் கால் மணி நேரம் கொடுத்தேன். கிழமை நடுவில் மறுபடி பற்றவைத்த பிறகு அதில் ஊங்காரம் இல்லை. மைக்கின் பக்கத்தைத் தெருவுக்குக் காட்டி வைத்தேன். சரசரக்காமல் இருக்கப் பேப்பரை மட்டையில் ஒட்டியிருந்தேன். மாமி மூலையில் கதிரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டார். நன்றாகக் கேட்க வேண்டுமாம். மாமா வெள்ளைச் சாரமும் புது ஷர்ட்டும் உடுத்தியிருந்தார்.

"போட்டோவுக்கா நிக்கிறீங்க?" என்றான் மாரிமுத்து. மாமா சத்தமில்லாமல் சிரித்தார். எட்டு நாள் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை என்று மாமி சொன்னார்.

நான் மாமாவிடம் தூரத்தைச் சொன்னேன். மேசையில் கை வைக்க வேண்டாம் என்றேன். தலையைத் திருப்ப வேண்டாம் என்றேன். காகிதத்தைப் பற்றிச் சொன்னேன். குறிப்புப் புத்தகம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. எல்லாம் மனப்பாடம் என்று நினைத்தேன்.

சுருள்கள் சுழன்றன. நான் கையைக் காட்டினேன்.

மாமா முன்னால் குனிந்து, பள்ளிவாசல் மைக்கில் பதினைந்து வருடமாகச் செய்வது போலவே, இரண்டு முறை ஊதினார்.

ஒலிபெருக்கியில் பேசும் எல்லோரும் அப்படித்தான் ஊதுவார்கள். உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஊதாமல் யாரும் ஒரு மைக்கில் பேசியதை நான் கண்டதில்லை. நானே ஊதியிருக்கிறேன்.

மீட்டர் முள் ஒரேயடியாக அந்தப் பக்கம் போய் இடித்துவிட்டுத் திரும்பி விழுந்தது. மாமா வாசிக்கத் தொடங்கினார். முள் அசையவில்லை. ஹெட்போனில் வெறும் இரைச்சல். எனக்குள் ஏதோ தெரிந்தது. ஆனாலும் வயர் கழன்றிருக்கும் என்று எனக்கே சொல்லிக்கொண்டு, பிளக் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தேன். அவரை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் கூப்பன் அரிசி பற்றிய முழுப் பத்தியையும் வாசித்தார். நடுவில் மந்திரிக்கு ஏசினார். மாமி சிரித்தார். எட்டு நாள் ஓய்வு எடுத்த குரல் உண்மையாகவே தெளிந்துதான் இருந்தது. நாலைந்து நிமிடம் இருக்கும். ஒரு சொல்லும் டேப்பில் ஏறவில்லை.

மாரிமுத்துதான் மைக்கின் மூடியைத் திறந்து வெளிச்சத்தில் பிடித்தான். பட்டி அறுந்து, ஒரு பக்கமாகச் சுருண்டு கிடந்தது.

"ஊதினதுல போயிருச்சு" என்றான் மெதுவாக.

மாமாவின் முகம் வாடிவிட்டது. "என்ட பிழை மகன்" என்றார். குரல் இப்போது மீண்டும் கரகரத்தது. "பள்ளி மைக்கு எண்டு நெனச்சிட்டேன். பழக்கம். ஒங்கட மாஸ்டருக்கு நான் ஒடச்செண்டு செல்லுங்க. ஒங்களுக்கு ஏச்சு வரப்படா."

"பரவாயில்லை மாமா" என்றேன்.

என்னுடையதாக இருந்த பிழையை அவரிடம் இருந்து வாங்கி, அதை மன்னித்தும் விட்டேன். அந்த நேரத்தில் அது பெருந்தன்மை போலக்கூட எனக்குத் தோன்றியது.

ஹாஜியார் வீட்டுக்கு ஓடினேன். அவர் மகளைப் பார்க்கக் குருநாகலுக்குப் போயிருந்தார். ரெக்கோர்டரையும் கொண்டுபோயிருந்தார். மாத்தளைக்குப் போய்க் கிறிஸ்டல் மைக்கை எடுத்துவரப் புறப்பட்டேன். போயா என்பதால் பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் நின்றேன். வகுப்பு பூட்டியிருந்தது. மாஸ்டர் வீட்டில் இல்லை. பதுர்தீன் நானா ஒலிபெருக்கியோடு எங்கோ கல்யாண வீட்டில். டவுன் முழுக்கக் கடைகள் பலகை போட்டு மூடியிருந்தன. வெறுங்கையோடு திரும்பி வந்தபோது மஃரிப் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. மாரிமுத்து கம்பளிகளை மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தான். மாமா களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க போன பொறகு கதைச்சார்" என்றார் மாமி. "எட்டு நாள் கதையையும் சேத்து. பொறகு தொண்டை நொந்து போச்சு."

"என்ன கதைச்சார் மாமி?"

"அது எனக்குச் செல்லினது."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 25

மாமாவைக் கொழும்பில் சேர்த்துவிட்டு வாப்பா இன்று வந்தார். வரும் கிழமை ஒப்பரேஷன். பயணத்தில் மாமா அதிகம் பேசவில்லையாம். மைக்கைப் பற்றி மட்டும் இரண்டு முறை கேட்டாராம்.

மாஸ்டரிடம் மைக்கைக் கொடுத்தேன். மூடியைத் திறந்த உடனேயே, "யாரோ ஊதியிருக்கான்" என்றார்.

"மாமா சேர். பழக்கத்தில ஊதிட்டார்."

அவர் ஏசவில்லை. வயதான மனிதர், நோயாளி, என்ன செய்வது என்றார். அந்தப் பட்டி இப்போது நாட்டுக்குள் வருவதில்லை, திருத்த முடியாது என்றும் சொன்னார். நீ அவருக்குச் சொன்னாயா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. மாரிமுத்து பக்கத்தில் நின்றான். என்னைப் பார்த்தான். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டான். அவனுக்கும் அந்த ஏழு குறிப்புகளும் தெரியும். ஆனால் வாசிப்பவரைத் தயார்ப்படுத்துவது என் வேலை என்று பிரித்துக்கொண்டவன் நான்தான்.

ஜூலை 10

ஒப்பரேஷன் முடிந்தது. உயிருக்குப் பயமில்லை.

இன்று கடைக்கு மிளகு கொண்டுவந்த ஸக்கரியா ஹாஜியாரைக் கண்டேன். இரண்டு கிழமைக்கு மேலாக மனதில் இருந்ததைக் கேட்டேன். முதல் நாள் அவர் பதிந்த அந்த அரைப் பக்கம் இருக்கிறதா?

"அதுவா?" என்றார். "நீங்கதானே அதுல ஆள் விளங்காதெண்டு செல்லினீங்க. நான் அதுக்கு மேல பேரன் குர்ஆன்ல யாஸீன் ஸூரா ஓதினத்தப் பிடிச்சிட்டேன்."

சும்மா சொன்னார். குத்திக் காட்டவில்லை. ரெக்கோர்டரும் கெசட்டும் அவருடைய பையிலேயே இருந்தன, எடுத்துத் தந்தார். மதிய இடைவேளையில் அவருடைய ரெக்கோர்டரிலேயே இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்டேன். பிள்ளையின் ஓதல்தான். ஓதல் முடிந்த இடத்துக்குப் பிறகு பழையது மிஞ்சியிருக்குமா என்று பார்த்தேன். பிள்ளை நீளமாகத்தான் ஓதியிருக்கிறது.

மே மாதக் கடைசியில் என் காதில் தகரமாக விழுந்த குரலை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இரைச்சல் நினைவிருக்கிறது. மோட்டார் உறுமல் நினைவிருக்கிறது. மாமா என்ன வாசித்தார் என்பது நினைவில்லை. நான் குறைகளைத்தான் கேட்டிருக்கிறேன்.

ஓகஸ்ட் 4

மாமா சனிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று போயாவுக்கு முந்திய அரை நாள் என்பதால் கடை மூடிய உடனே பார்க்கப் போனேன்.

மெலிந்திருக்கிறார். கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் உள்ள துளையால் மூச்சு விடுகிறார். ஆஸ்பத்திரியில் ஒரு சிலேட்டும் குச்சியும் கொடுத்திருக்கிறார்கள். எதையும் அதில்தான் எழுதுகிறார். அதை மாமி வாசிக்க முடியாது. ஆகவே யார் வீட்டுக்கு வந்தாலும் அவர் எழுதுவதை மாமிக்கு உரத்து வாசித்துக் காட்ட வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வாசிக்கிறார்கள். ஹாஜியார் வாசிக்கிறார். ஒவ்வொருவர் குரலிலும் மாமா பேசுகிறார்.

"நேத்து ஹாஜியார் வாசிச்சாரு" என்றார் மாமி. "'தேத்தண்ணிக்குச் சீனி போதாது' எண்டு. ஹாஜியார்ட சத்தத்துல கேக்கக்க மௌலவி பத்வா குடுக்கிற மாதிரி ஈக்கு."

மாமாவின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று மாமிக்குத் தெரியவில்லை. நான்தான், "மாமா சிரிக்கிறார்" என்று சொன்னேன். அப்படிச் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது, ஏதோ ஒரு வேலைக்கு உதவுகிறேன் என்று.

பிறகு மாமா சிலேட்டை மடியில் வைத்து நெடு நேரம் எழுதினார். தையற்காரரின் எழுத்து, சிறியது, நேரானது. என்னிடம் திருப்பிக் காட்டினார்.

'மைக்குக்கு மாஸ்டர் ஏசினாரா? என் பிழை என்று சொன்னீர்களா? ஸுபைதாவுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காமல் நானே ஊதிக் கெடுத்தேன். அதுதான் பெரிய கவலை.'

"என்ன எழுதியிருக்கார் மகன்?" என்று மாமி கேட்டார். முகத்தை என் பக்கம் திருப்பி, தலைப்பைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு காத்திருந்தார்.

வாசித்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் ஒன்றுதான் இருந்தது.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகச் சொல்றார், மாமி" என்றேன்.

"அதுக்கு இவ்வளவு நேரமா எழுதினார்?" என்று சொல்லிக்கொண்டே மாமி குசினிக்கு எழுந்து போனார்.

மாமா என்னைப் பார்த்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். நான் சொன்னது அவருடைய வார்த்தை அல்ல என்று சொல்ல அவரிடம் வழி இல்லை. மேசையைத் தட்டியிருக்கலாம், கையை அசைத்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. துணியை எடுத்துச் சிலேட்டைத் துடைத்தார். அவசரமில்லாமல், மூலை மூலையாகத் துடைத்தார். நான் அவரை வெட்கப்படாமல் காப்பாற்றினேன் என்று நினைத்தாரோ, அல்லது வேறு எதுவும் விளங்கிக்கொண்டாரோ, தெரியாது.

தேத்தண்ணியைக் குடித்தேன். குடித்துவிட்டு வந்தேன்.

இவ்வளவு காலமும் நான் அஞ்சியது மைக் உடைந்ததற்காக என்று நினைத்திருந்தேன். இன்று பஸ்ஸில் வரும்போது அது அப்படி இல்லை என்று பட்டது. ஊதக் கூடாது என்பது எனக்குத் தெரியும். என் கையெழுத்தில் இருக்கிறது. சொல்லவில்லை. அதற்கு மேல், எட்டு நாள் மாமியின் வீட்டில் பேச்சு இல்லாமல் செய்ததும் நான்தான். அந்த மனிதர் அந்தப் பிழையை ஒப்பரேஷன் மேசைக்கும் தன்னோடு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். மாமியும் அவர்தான் கெடுத்தார் என்றே நினைத்துக்கொண்டு, அதை ஒருமுறையும் அவரிடம் சொல்லிக் காட்டாமல் இருக்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் எதையோ பொறுத்துக்கொள்கிறார்கள். அப்படிப் பொறுக்க ஒன்றுமே இல்லை.

எழுதிவிட்டால் செய்துவிட்டது போல எனக்கு ஒரு நினைப்பு வருகிறது. இதையும் அப்படி விட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே சுருக்கமாக எழுதுகிறேன்.

நாளை போயா. காலை ஏழேகால் பஸ்ஸில் இரத்தோட்டைக்குப் போக வேண்டும். மாமாவும் மாமியும் ஒரே அறையில் இருக்கும்போது, சிலேட்டில் இன்று இருந்த நாலு வரிகளையும் இருந்தபடியே மாமிக்கு வாசிக்க வேண்டும். அதன் பிறகு, ஊதக் கூடாது என்று எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை என்று வாயால் சொல்ல வேண்டும். திரும்பும் வழியில் மாஸ்டர் வீட்டிலும் அதையே சொல்ல வேண்டும்.